சும்மா இருக்க முடியாத பிள்ளைகள்

ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் இரண்டு வகைப் பேருந்துகள் ஒட்டி ஒட்டி நிற்கும். ஒன்றில் கம்பெனிச் சீருடை, இன்னொன்றில் கல்லூரி ஐடி கார்டு. உள்ளே இருப்பவர்களுக்கு ஏறக்குறைய ஒரே வயது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட குடியிருப்பில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். அவர்களின் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்துப் பேருந்துப் பிள்ளைக்கு என்ன கவலை, படிக்கத்தானே போகிறது என்று விட்டுவிடுகிறோம்.

*

அப்படி ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள், மூன்றாம் ஆண்டு மாணவி. கணக்கில் ஒரே ஒரு அரியர். ஐடி கார்டுக் கயிற்றின் ஓரத்தை நகத்தால் பிரித்துக்கொண்டே பேசினாள். நூல் நூலாக மடியில் விழுந்தது. ராத்திரியில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, காலையில் வயிற்றைக் கலக்குகிறது. மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். மனசு சரியில்லை என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை சும்மா உட்கார்ந்தா எதையோ திருடிட்ட மாதிரி இருக்கு மேம்."

இங்கே பிரச்சினை கணக்குப் பாடம் இல்லை.

*

அவள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது அக்காவின் வேலை போனது. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோன காலம் அது. அக்கா சீருடையை மடித்து வைத்துவிட்டு வீட்டோடு இருந்தாள். அம்மா இவளிடம் சொன்னது, "நீயாவது படிச்சு எங்களைக் கரையேத்து."

எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஆசை வார்த்தையாகக் கேட்டிருக்காது. ஆணையாகக் கேட்டிருக்கும்.

*

இப்படிச் சிறு வயதில் பதிவதை உளவியலும் கவனித்திருக்கிறது. மனநல மருத்துவர் ஆரோன் பெக்கிடம் பயின்ற உளவியலாளர் ஜெஃப்ரி யங், வழக்கமான சிந்தனைச் சிகிச்சைக்குப் பிறகும் தேறாத சிலரைக் கவனித்தார். சிறு வயதில் ஊன்றிப்போன சில நம்பிக்கைகள் அடியில் கிடப்பதைக் கண்டு, அவற்றை 18 வகையாகப் பிரித்தார். அவற்றில் சில: என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் எதற்கும் லாயக்கில்லை. எந்த நேரமும் ஏதாவது நடந்துவிடும். என் தேவை எல்லாருக்கும் பிறகுதான்.

பல நாடுகளில் மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட நம்பிக்கை அழுத்தமாக உள்ளவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாகத் தென்படுகின்றன. ஆனால் எதனால் எது வந்தது என்று ஒரே நாளில் நிரப்பிய தாள் சொல்லாது. சோர்ந்த மனம் தன் பால்யத்தையும் இருட்டாகத்தான் பார்க்கும்.

*

என் தேவை கடைசியில்தான் என்பதை யங்கின் பட்டியல் தீங்கான நம்பிக்கைகளில் சேர்க்கிறது. நம் வீடுகளில் அதற்குப் பெயர் நல்ல பிள்ளை. எனக்கு இதில் தயக்கம் உண்டு. கல்விக் கடனும் அடகில் இருக்கும் நகையும் கற்பனை இல்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிக் கல்லூரிக்கு வந்தவளின் பொறுப்புணர்ச்சியை நோய் என்று எழுத என் கை வராது.

எங்கே அது தீங்காகிறது? நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். தன்னால் முடியவில்லை என்று ஒருவரிடமாவது சொல்ல முடிகிறதா? அந்த மாணவியால் முடியவில்லை. அரியர் விஷயம் வீட்டுக்குத் தெரியாது. ஜுரத்தோடு வகுப்புக்கு வந்தது அறைத் தோழிக்குக்கூடத் தெரியாது. எட்டு வயதில் அவளைத் தாங்கிய விதி இருபது வயதில் அவளை நெரிக்கிறது.

*

யங்கின் சிகிச்சையில் ஒரு பயிற்சி உண்டு. இரண்டு நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்து அந்தப் பழைய குரலாகவே பேச வேண்டும்: ஒழுங்காப் படி, உட்காராதே, நீ தோத்தா குடும்பமே போச்சு. பிறகு எழுந்து மற்றதில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பலருக்கு முதலில் பதிலே வராது. அப்போது சிகிச்சையாளர் அந்தக் குழந்தையின் பக்கம் நின்று பேசுவார். சிறு வயதில் கிடைக்காத ஆதரவை, ஒரு வரம்புக்குள், அந்த அறையில் தருவதுதான் இதன் மையம்.

இதற்குப் பயின்ற ஆள் வேண்டும். பொறுமையும் நாளும் வேண்டும். கண்டிப்பான ஒரு பேராசிரியரிடம் 'மாணவர் நலன்' பொறுப்பைக் கூடுதலாகக் கொடுப்பதால் இது நடக்காது.

*

100 மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. இந்தச் சாலையோரக் கல்லூரிகளில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம் என்று தவறாமல் கேட்கிறார்கள். ஆலோசகர் யார், எந்த அறையில் இருப்பார், எந்த நாளில் வருவார் என்பதையும் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் மார்க்கைக் கேட்கும் முன் தூங்கினாயா என்று கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. கட்டணம் இல்லை. நள்ளிரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.