காலியாக இருந்த மூன்று ஆசனங்கள்



பாலித் தீவுக்குப் போவதற்கு முன்பு எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். “அவங்க பேருக்குத்தான் இந்து. பன்றி இறைச்சியைப் படைக்கிறாங்க. ஆசனம் இருக்கு, அதுல விக்கிரகம் இல்ல. இது என்ன இந்து சமயம்?” என்று வீட்டில் பேசியவன் நான். நேரில் பார்த்ததில்லை. யாரோ சொன்னார்கள், நானும் சொன்னேன்.

ஆகுங் எரிமலையின் சரிவில் இருக்கிறது பெசாக்கி. பாலியின் தாய்க்கோயில். சுற்றுலாப் பயணிகள் வெளியே நின்று பார்க்கலாம். கும்பிட வந்தவர்கள் மட்டுமே உள்ளே போகலாம். வாசலில் நின்ற பெரியவர் என்னைப் பார்த்து, “இந்துவா?” என்று கேட்டார். “ஆமாம், மலேசியாவிலிருந்து வர்றேன்” என்றேன். மறு கேள்வி இல்லை. கைகூப்பி, “ஓம் ஸ்வஸ்தியஸ்து” என்று வரவேற்றார். என் இடுப்பில் துணிப்பட்டையைச் சரியாகக் கட்டிவிட்டு உள்ளே அழைத்துப் போனார்.

எனக்குச் சுருக்கென்றது. அவரை இந்து என்று ஏற்றுக்கொள்ள நான் இத்தனை வருஷம் தயங்கினேன். அவர் என்னை ஒரே நொடியில் ஏற்றுக்கொண்டார்!

உள்ளே ஒரே மேடையில் மூன்று பத்மாசனங்கள். மூன்றும் காலி. “பாக், சாமி எங்கே?” என்று மலாயில் கேட்டேன். “நாங்க கூப்பிடுவோம், வந்து உட்காருவார். உருவத்துல அடங்குறவரா அவர்?” என்றார். சட்டென்று சிதம்பரம் நினைவுக்கு வந்தது. அங்கே திரையை விலக்கினால் தெரிவது என்ன? வெறும் வெளியும், தொங்கும் பொன் வில்வ மாலையும்தான். அதைச் சிதம்பர ரகசியம் என்று பெருமையாகச் சொல்கிறோம். நம்மிடம் இருந்தால் ரகசியம், அவர்களிடம் இருந்தால் குறையா?

பூசாரி தீர்த்தம் தெளித்தார், குடிக்கக் கொடுத்தார். நெற்றியில் வைக்க ஈர அரிசி தந்தார். பிறகு பெரியவர், “திரிசந்தியா சொல்றீங்களா?” என்று கேட்டார். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் பாலி மக்கள் சொல்லும் பிரார்த்தனை அது. காயத்ரி மந்திரத்தில் தொடங்கும். நானும் ஆரம்பித்தேன். பாதியில் தடுமாறி நின்றேன். அவர் முழுவதும் சொல்லி முடித்தார். “பேருக்குத்தான் இந்து” யார் என்று அப்போது புரிந்தது.

படையல் விஷயமும் அப்படித்தான். எங்க தாத்தா இருந்த தோட்டத்தில் முனியாண்டி சாமிக்குக் கெடா வெட்டினார்கள், சுருட்டு வைத்தார்கள். அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஏன்? அது தாத்தாவோட சாமி.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தைப்பூசத்தில் அலகு குத்திய முகத்தை மட்டும் படம் பிடித்து, “என்ன மூர்க்கத்தனம்!” என்று வெளிநாட்டார் எழுதினால் நமக்கு எவ்வளவு வலிக்கும்? “விரதம் தெரியுமா? எங்க அம்மாவோட வேண்டுதல் தெரியுமா?” என்று கேட்க மாட்டோமா? அதே தப்பைத்தான் நான் பாலி மக்களுக்குச் செய்தேன்.

அதனால் சொல்கிறேன். லீவு கிடைத்தால் வெளியூர் போங்கள். கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு மட்டும் திரும்பாதீர்கள். அந்த ஊர் மக்கள் கும்பிடும் இடத்துக்குப் போங்கள். அவர்கள் முறைப்படி உடுத்துங்கள். ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். புரியவில்லையென்றால், தீர்ப்புச் சொல்லாமல் கேள்வி கேளுங்கள். இந்துக் கோயில் மட்டுமல்ல, எந்தச் சமயத்தார் இடமானாலும் இதுதான் மரியாதை.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் சாமி அறையில் உட்கார்ந்தேன். காயத்ரியைத் தடுமாறாமல் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. கற்றுக்கொள்ள வைத்தவர், நான் இந்துவே இல்லை என்று நினைத்த அந்தப் பெரியவர்தான்.