நிறுத்த பிறகு மாறும் படிக்கல்

கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள ஆலங்குடாவுக்கு விமானமேறி வருபவர்கள் இரு வகையினர். டொல்பின் பார்க்கவும் காற்றாடிச் சறுக்கலுக்கும் வரும் வெளிநாட்டார் ஒரு வகை. குவைத், கத்தார், சவூதி என்று உழைக்கப் போய் விடுமுறைக்கு ஊர் திரும்புபவர்கள் மற்றொரு வகை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இந்தத் தீபகற்பத்தில் ஒதுங்கிய முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த வளைகுடாச் சம்பளம் பெரிய கைகொடுப்பு. இந்த இரு சாராருக்கும் டிக்கெட்டோடு சேர்த்து மைல் புள்ளிகள் தருவதாக விமான நிறுவனங்கள் அழைக்கின்றன. எங்களுடைய ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸுக்கும் 'ஃப்ளைஸ்மைல்ஸ்' என்ற திட்டம் இருக்கிறது. ஆனால் உலகெங்கும் இந்தப் புள்ளிகளின் பெறுமதி தேய்ந்துகொண்டே போகிறது. இதை வியாபாரச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போவது சரியல்ல என்பது என் எண்ணம். சேர்த்து வைத்தவரின் கையிலிருப்பதை, கொடுத்தவரே பின்னர் சுருக்குவது இஸ்லாமிய மார்க்கத்தில் ஆகுமா என்று கேட்டாக வேண்டும்.

1981 மே மாதம் அமெரிக்கன் எயர்லைன்ஸ் தன் திட்டத்தைத் தொடங்கியபோது கணக்கு எளிமையாக இருந்தது. பறந்த தூரத்துக்கு மைல். இத்தனை மைலுக்கு இன்ன டிக்கெட். 2015இல் டெல்டாவும் யுனைடெட்டும், அடுத்த ஆண்டு அமெரிக்கனும் தூரத்தை விட்டுவிட்டு, செலுத்திய கட்டணத்தைப் புள்ளிக்கு அளவுகோலாக்கின. மலிவு டிக்கெட்டில் நெடுந்தூரம் போகிறவருக்கு அன்றே அடி விழுந்தது. அதையாவது இனி வரப்போகும் புள்ளிகளுக்கான விதி என்று பொறுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பாரதூரமானது வேறொன்று. எந்த ஊருக்கு எத்தனை மைல் என்று சொல்லும் பட்டியலையே 2015இல் டெல்டாவும் 2019இல் யுனைடெட்டும் எடுத்துவிட்டன. இன்று 25,000 கேட்கும் இருக்கைக்கு நாளை 40,000 கேட்டாலும், விலை ஏறியது என்று சுட்டிக்காட்ட ஒரு தாள்கூடப் பயணியிடம் இல்லை. மீன் வாடியில் முதலாளி மீனை எடுத்துக்கொண்ட பிறகு, காசு எண்ணும் நேரத்தில் தராசையே உள்ளே தூக்கி வைத்துவிட்டால் மீனவர் சும்மா இருப்பாரா? அளவில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் முதஃப்ஃபிஃபீன் என்ற தனி அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது. அந்தக் கண்டனம் கடைத்தெருப் படிக்கல்லோடு நின்றுவிடுவதாக நான் கருதவில்லை.

புள்ளி ஓர் அன்பளிப்புத்தானே, இலவசமாய்க் கிடைத்ததில் குறை சொல்வதா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கான பதில் விமான நிறுவனங்களின் சொந்தக் கணக்கேட்டிலேயே இருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கீட்டு நியமத்தின்படி, டிக்கெட் விலையில் ஒரு பங்கைப் புள்ளிகளுக்கான விலையாகப் பிரித்து, அவை பயன்படும்வரை அல்லது காலாவதியாகும்வரை இன்னும் ஈட்டாத வருமானமாகவே நிறுவனம் காட்ட வேண்டும். அதாவது, பயணி அதற்குக் காசு கொடுத்திருக்கிறார் என்று நிறுவனமே எழுதி ஒப்பமிடுகிறது. கொரோனாக் காலத்தில் இது இன்னும் பளிச்செனத் தெரிந்தது. 2020இல் யுனைடெட் தன் மைல் திட்டத்தை ஈடுவைத்து 680 கோடி டொலரும் டெல்டா 900 கோடி டொலரும் திரட்டின. மறு ஆண்டு அமெரிக்கன் 1,000 கோடி. கடன் கொடுப்பவரிடம் பெரும் சொத்து என்று காட்டிய ஒன்றைப் பயணியிடம் வெறும் அன்பளிப்பு என்பது எந்த நேர்மையில் சேரும்?

நிபந்தனைகளுக்குச் சம்மதித்துத்தானே சேர்ந்தீர்கள் என்பது இதைவிடக் கனமான வாதம். எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று நிறுவனங்கள் எழுதித்தான் வைத்திருக்கின்றன. நம் பகுதியில் வழங்கும் ஷாபிஈ மத்ஹபிலும் வாக்கை நிறைவேற்றுவது வலியுறுத்தப்பட்ட நற்செயல். வழக்காடி வசூலிக்கும் கடமை அல்ல என்பதே பெரும்பான்மைக் கருத்து. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி இன்னும் ஒரு படி போனது: வாக்கு ஒரு காரணத்தோடு பிணைக்கப்பட்டு, அதை நம்பியவர் செலவும் செய்துவிட்டால், அது சட்டப்படியும் கட்டுப்படுத்தும். 'எங்களோடு பற, இதைத் தருவோம்' என்பது இந்த வரையறைக்குள் அப்படியே அடங்குகிறது. காசு கொடுத்து வாங்கியது என்று கொண்டாலோ, அது வாக்கையும் தாண்டி விற்பனை ஆகிவிடுகிறது. அப்படியானால் அளவு தெரியாத பொருளை விற்பது கரர், அதாவது விலக்கப்பட்ட தெளிவின்மை, அல்லவா என்று ஒரு மௌலவி மடக்கலாம். நியாயமான மடக்கு. பிரதான பொருளோடு ஒட்டி வரும் சிறு தெளிவின்மையைப் பிக்ஹ் பொறுத்துக்கொள்ளும் என்பது என் பதில். அந்தச் சகிப்பு ஒப்பந்தத்தைக் காப்பாற்றத்தானே தவிர, தெளிவின்மையை உண்டாக்கியவரே அதில் இலாபம் பார்ப்பதற்கல்ல. மாற்றும் உரிமையை எழுதி வைப்பதால், அதை எப்படிப் பயன்படுத்தினாலும் ஹலால் ஆகிவிடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மைல் திட்டம் தொடர்பாக 1995இல் வந்த வோலன்ஸ் வழக்கில் ஒப்பந்த மீறலுக்காக வழக்காடப் பயணிக்கு இடம் விட்டது. 2014இல் ஜின்ஸ்பெர்க் வழக்கில், நல்லெண்ணத்தோடு நடக்கும் கடமை மீறப்பட்டதென்ற கோரிக்கைக்கு இடமில்லை என்றது. வழக்குத் தொடுத்த ஜின்ஸ்பெர்க் ஒரு யூத மதகுரு என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். நல்லெண்ணத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்காத இடத்தில், அதைப் பற்றிப் பேசும் கடமை பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் கூடுகிறது.

நாணயமே மதிப்பிழக்கையில் மைலுக்கு ஏன் அழ வேண்டும் என்றும் கேட்கலாம். 2022இல் சில வாரங்களுக்குள் டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 350க்கு மேல் ஏறியதை அனுபவித்தவர்கள் நாம். ஆனால் அதற்குப் பொறுப்பானவர்களை மக்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். ஜனாதிபதியே பதவி விலகினார். மைலையோ அச்சிடுவதும் விமான நிறுவனம், அதன் விலையை வைப்பதும் அதே நிறுவனம், அது எங்கே செல்லும் என்று தீர்மானிப்பதும் அதே நிறுவனம். அதனிடம் அப்படிக் கணக்குக் கேட்கப் பயணிக்கு வழி குறைவு. வசதியானவர்களின் சில்லறைக் கவலை இது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் வளைகுடா போய்வந்து, சேர்த்த புள்ளியில் தாயை உம்றாவுக்கு அனுப்பலாம் என்று நினைக்கும் ஒருவருக்கு, ஒரே இரவில் கூடிய 15,000 மைல் இன்னும் பல பயணங்களின் உழைப்பு. வழி கடினமானதுமல்ல. புதிய விலை புதிய புள்ளிகளுக்கு மட்டும் என்று வைக்கட்டும். பழைய புள்ளிகள் சேர்ந்த நாளின் பட்டியல்படியே செல்லட்டும். அது முடியாதென்றால், மாற்றத்துக்கு ஓர் ஆண்டு முன்னரே அறிவித்து, கணக்கேட்டில் தாங்களே எழுதிய விலைக்கு அவற்றைப் பணமாகத் திருப்பிக் கொடுக்கட்டும்.