தியாகி என்ற பட்டம்

நெடுநாள் வாழ்ந்து மறைந்த பெண்களைப் பற்றிப் பேசும்போது நம் வீடுகளில் ஒரு சொல் முந்திக்கொண்டு வருகிறது: தியாகம். 91 வயதில் மறைந்த என் ஆச்சியைப் பற்றியும் பதினாறாம் நாள் வந்த உறவினர்கள் அதைத்தான் சொன்னார்கள். "தனக்குன்னு ஒண்ணும் வச்சுக்கிட்டதில்ல." அன்போடு சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் நியாயமானதா?

ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டுமென்றால், அதைக் கொடுக்காமல் இருக்கவும் ஒருவரால் முடிந்திருக்க வேண்டும். ஆச்சி தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் நாற்பது வருஷம் பீடி சுற்றினார். மடியில் முறம், அதில் இலை, தூள், நூல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலி தாத்தா கைக்குப் போனது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டார். மறுத்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். மறுக்க வழியில்லாதவரிடமிருந்து பெற்றதைத் தியாகம் என்று சொல்லும்போது, எடுத்துக்கொண்டவர் யார் என்ற கேள்வியே மறைந்துவிடுகிறது.

இது ஒரு வீட்டின் பழக்கம் மட்டுமல்ல. வீட்டுவேலை செய்யும் பெண்களை 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிச்சையெடுப்போர், சிறைவாசிகளோடு ஒரே வரிசையில் வைத்ததை 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். வீட்டிலிருந்து பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. எங்கள் வீடு ஏற்கவில்லை. "சும்மா இருக்க நேரத்துல பீடி சுத்துவா" என்றுதான் சொன்னது.

அப்படியானால் அவரை வெறும் பாதிக்கப்பட்டவராக நினைவுகூரலாமா? அதுவும் பொய்யாகிவிடும். அம்மாவின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தப் பார்த்தபோது மூன்று நாள் உலை வைக்காமல் இருந்தவர் ஆச்சி. பீடி சுற்றிக்கொண்டே இலங்கை வானொலி கேட்டு, அறிவிப்பாளர்களைப் போலப் பேசிக் காட்டுவார். வைப்பு நிதிப் பணம் வந்ததும் யாரையும் கேட்காமல் இரண்டு தோழிகளோடு குற்றாலம் போய் நான்கு நாள் தங்கினார். தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர் என்ற புகழுரையில் இந்தக் குற்றாலத்துக்கு இடமில்லை.

ஆச்சியே அந்தப் பட்டத்தைப் பெருமையாக ஏற்றிருக்கக்கூடும். வாழ்நாள் உழைப்புக்குக் கிடைத்த ஒரே கூலி அதுவென்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் புகழ்பவர்களை நாம் ஒன்று கேட்கலாம். "ஆச்சி மாதிரி இரு" என்று பேத்திகளிடம்தான் சொல்கிறார்கள்; பேரன்களிடம் யாரும் சொல்வதில்லை. உண்மையிலேயே அது உயர்ந்த குணமென்றால் ஆண்களுக்கு ஏன் அது வேண்டாம்? பாதிப் பேருக்கு மட்டும் விதிக்கப்படும் நற்குணம் வேலைப்பங்கீடுதான்.

இறந்தவருக்கு நாம் பட்டிருப்பது நன்றிக்கடன் மட்டுமல்ல, உண்மையும்தான். அவர் செய்ததை உழைப்பு என்று சொல்வோம். அவரிடமிருந்து எடுக்கப்பட்டதை எடுக்கப்பட்டது என்றே சொல்வோம். அவர் மறுத்ததையும் ஆசைப்பட்டதையும் சேர்த்துச் சொல்வோம். உங்கள் வீட்டில் வயதான பெண் ஒருவர் இன்றும் இருந்தால் அவரிடமே கேட்கலாம்: எதற்கு வேண்டாம் என்றீர்கள், எதற்கு ஆசைப்பட்டீர்கள் என்று. பதினாறாம் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.