பூச்சுக்குள் மறைவது

தாம்பரம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் மாடி எடுத்த ஆண்டு அது. வாசலில் ஒரு பலகையைப் போட்டு, நாலு ஆணி அடித்து, மேஸ்திரி தூணுக்கு ரிங் வளைத்துக்கொண்டிருந்தார். 8 எம்.எம். கம்பி. ஆணிகளுக்கு நடுவே செருகி இரும்புக் குழாயால் ஒரு இழுப்பு, திருப்பிப் போட்டு இன்னொரு இழுப்பு; மூச்சு விடுவதற்குள் ஒரு சதுரம் கீழே விழும். அடுக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாது. அளவுநாடாவை அவர் தொட்டே நான் பார்க்கவில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. ரிங்கின் இரண்டு நுனிகளையும் அவர் செங்கோணமாக, 90 டிகிரியில், மடக்கி விட்டிருந்தார். வரைபடத்தில் எஞ்சினியர் போட்டிருந்தது 135 டிகிரி. அதாவது நுனி இன்னும் பாதி மடங்கி, தூணின் வயிற்றுக்குள் போய் நிற்க வேண்டும்.

"மேஸ்திரி, ஹூக்கை உள்பக்கமா மடக்கச் சொல்லியிருக்காரே எஞ்சினியர்?"

"முப்பது வருசமா இப்படித்தான் சார் மடக்குறேன். நான் கட்டின வீடு ஒண்ணாவது விழுந்திருக்கா, சொல்லுங்க."

சொல்ல முடியவில்லை. ஒன்றும் விழவில்லைதான்.

அன்று ராத்திரி அந்தப் பதிலையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதில் பொய் இல்லை, திமிரும் இல்லை. இருந்தும் எங்கேயோ உதைத்தது. கல்யாணச் சமையலில் சாம்பாருக்கு உப்பு கூடினால் முதல் பந்தியிலேயே தெரிந்துவிடும். அடுத்த பந்திக்குள் சமையல்காரர் சரிசெய்துவிடுவார். தையல்காரர் தோளைப் பிடித்துத் தைத்துவிட்டால், சட்டை மறுநாளே கடைக்குத் திரும்பி வரும். அவர்கள் செய்த தவறு அவர்கள் கைக்கே வந்து சேர்கிறது. அதனால்தான் அவர்களை அனுபவம் திருத்துகிறது. கட்டட வேலையில் அப்படியா? ரிங் கான்கிரீட்டுக்குள் போகிறது. கான்கிரீட் பூச்சுக்குள் போகிறது. அதன் மேல் பட்டி, பெயிண்ட். மேஸ்திரி அடுத்த சைட்டுக்குப் போய்விடுகிறார். இருபது வருஷம் கழித்து, கம்பி துருவேறி உப்பி, சீலிங் பெயர்ந்து விழும்போது வந்து பார்ப்பவர் வேறு ஆள். முப்பது வருஷமாக அவர் பரீட்சை எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஒரு விடைத்தாளாவது திருத்தி அவர் கைக்குத் திரும்பி வரவில்லை.

ஹூக் விஷயத்தில் விடைத்தாள் வரும் விதமே வேறு. சாதாரண நாளில் தூணுக்கு மேலிருந்து பாரம் இறங்குகிறது, அவ்வளவுதான். 90 டிகிரியும் தாங்கும். பூமி ஆடும்போதுதான் தூணின் வெளித்தோல் முதலில் உதிர்கிறது. அந்தத் தோலுக்குள் நுனியை வைத்த ரிங் அவிழ்ந்துகொள்ளும், பிடி விட்டதும் நேர்க்கம்பிகள் வெளியே பிதுங்கும், தூண் நொறுங்கும். நுனி உள்வயிற்றில் இருந்தால் அவிழ வழியில்லை. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் பகுதியில் பூமி ஆடியது. அடுத்த ஆண்டே நிலநடுக்க விதிநூல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. நம் காலுக்குக் கீழே இருந்த மண் மாறவில்லை. அதைப் பற்றிய அறிவு மாறியது. எங்கள் மேஸ்திரி அப்போது தொழிலுக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அந்தச் செய்தியை அவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல யார் இருந்தார்கள்?

சிமென்ட்டும் அப்படித்தான் மாறியது. அவர் சித்தாளாகச் சேர்ந்த காலத்து மூட்டையில் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் இருந்தது. அதற்கு ஏழு நாள் தண்ணீர் விட்டால் போதும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று கடையில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும், 14 நாள் வரை நீட்டினால் நல்லது என்கிறது கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456. ஆற்று மணல் போய் எம்-சாண்ட் வந்தது. ஒற்றை மாடி போய், கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்களை விட்டு, மேலே நாலு தளம் ஏற்றுவது வழக்கமானது. பொருளும் கட்டடமும் மாறிவிட்டன. கை மட்டும் கற்றுக்கொண்ட அன்றைய தேதியிலேயே நின்றுவிட்டது. குற்றம் கையுடையதா?

சட்டம் எங்கே பார்க்கிறது என்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். தமிழ்நாட்டில் ஒயரிங் உதவியாளருக்குத் தகுதிகாண் தேர்வு உண்டு. ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மின் ஒப்பந்ததாரருக்கு உரிமம் கொடுக்கத் தனியாக ஒரு வாரியமே இருக்கிறது. வரைபடம் போடும் எஞ்சினியர் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் கேட்கின்றன. அரசு வேலை எடுக்கும் ஒப்பந்ததாரருக்குப் பொதுப்பணித் துறையில் வகுப்புவாரியாகப் பதிவு உண்டு. அது முக்கியமாக அவர் எத்தனை பெரிய வேலையைத் தாங்குவார் என்று பார்க்கிற கணக்கு. ஆனால் ஒரு குடும்பம் ஆயுள்காலச் சேமிப்பைக் கொட்டிக் கட்டும் வீட்டுக்குக் கம்பி வளைத்து, கலவை போட்டு, முட்டு பிரிக்கிற மேஸ்திரியிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. ஷாக் அடித்தால் அப்போதே தெரியும், அதனால் பயம். தூண் உடனே எதுவும் சொல்லாது.

காகிதம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்தது. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். அந்தக் கட்டடத்துக்கு அனுமதி இருந்தது, படித்தவர்களின் கையெழுத்தும் இருந்தது. வேலையைப் பார்க்காமலே போடும் கையெழுத்து தனியாக விலைக்குக் கிடைக்கும் ஊர் இது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. உரிமம் என்பது திறமைக்கு அத்தாட்சி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அதன் வேலை வேறு. பூச்சுக்குப் பின்னால் பார்க்க முடியாதவனுக்காக, பார்க்கத் தெரிந்த ஒருவர் முன்கூட்டியே நாலு கேள்வி கேட்டு வைப்பதுதான் அது. அந்தப் பரீட்சை மேஸ்திரிக்கானது அல்ல. அந்தக் கூரைக்குக் கீழே தூங்கப்போகும் குழந்தைக்கானது.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் அடித்துப் போனபிறகு இடிபாடுகளைக் கிளறினார்கள். கூரைப் பலகையில் அடித்த பின்களில் பல, கீழே இருந்த மரச்சட்டத்தில் இறங்கவே இல்லை. பக்கத்தில் வெறும் காற்றில் நின்றன. மேலே ஓடு வேய்ந்த பிறகு யார் பார்த்தார்கள்? புயல்தான் பார்த்தது. இன்று அங்கே ஒப்பந்ததாரர் உரிமத்தைப் புதுப்பிக்க இரண்டு வருஷத்துக்கு 14 மணி நேரம் பாடம் கேட்க வேண்டும். எனக்குப் பிடித்தது அவர்களுடைய உரிமத் தேர்வு: புத்தகங்களைத் தேர்வுக் கூடத்துக்குள்ளேயே கொண்டுபோகலாம். மனப்பாடம் தேவையில்லை, எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தால் போதும். அதே நாட்டில் கலிஃபோர்னியா 1929-இலிருந்து ஒப்பந்ததாரர் வாரியம் வைத்திருந்தும் இப்படிப்பட்ட தொடர்படிப்பைப் பொதுவாகக் கேட்பதில்லை. எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை.

நம் ஊர் கொத்தனாருக்குப் பெரும்பாலும் கிடைக்கிற தொடர்படிப்பு ஒன்றுதான்: சிமென்ட் கம்பெனிக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் நடத்தும் கூட்டம். பிரியாணி, ஒரு பை, ஒரு டேப். நானும் அதைக் கிண்டல் செய்தவன்தான். எங்கள் மேஸ்திரி அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலை, வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, ஏற்கெனவே வளைத்த ரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து நுனியை மறுபடி மடக்கிக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"அங்க ரெண்டு ரிங் கட்டிக் காட்டினாங்க சார். குழாயை விட்டு நெம்பினா நம்ம ரிங் பொளக்குனு தொறந்துக்குது. இது அசையல." கொஞ்ச நேரம் கழித்து, கம்பியைப் பார்த்தபடியே, "முன்னாடியே யாராச்சும் காட்டியிருக்கலாம்" என்றார்.

எஞ்சினியரின் கோடும் என் வாதமும் செய்யாததை அந்த நெம்பல் செய்தது. மறைந்தே இருந்த தவறு முதல்முறையாக அவர் கண்ணுக்கு முன் வந்தது. எழுத்து கூட்டிப் படிக்கச் சிரமப்படும் மனிதருக்கு மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு வைத்தால், அது அவரைத் தொழிலிலிருந்து விரட்டும் வேலை. தமிழில், கம்பியைக் கையில் கொடுத்து, வாய்மொழியாகக் கேட்கலாம். வகுப்புக்கு வரும் நாளில் கூலி போகிறதே என்பதுதான் அவருடைய உண்மையான தடை. அதற்கும் வழி இல்லாமலில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இலிருந்து இருக்கிறது. வரைபட அனுமதி வாங்கும்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தை நல நிதியாக நாமே கட்டுகிறோம். அந்தக் காசில் ஆண்டுக்கு இரண்டு நாள், முழுக் கூலி கொடுத்து, ஒவ்வொரு மேஸ்திரியையும் உட்காரவைத்து இப்படி நெம்பிக் காட்டுங்கள் என்று அரசிடம் கேட்க வேண்டியவர்கள் வீடு கட்டும் நாம்தான்.

எங்கள் மாடியின் எட்டுத் தூண்களிலும் ஹூக் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. கீழ்த்தளம் அதே மேஸ்திரி பதினெட்டு வருஷத்துக்கு முன்பு கட்டியது.