"அப்பா ஊரில் இல்லை"

தவணை கேட்டு வந்தவர் வாயிலில் நிற்க, தந்தை உள்ளறையில் ஒளிந்திருக்க, "அப்பா ஊரில் இல்லை" என்று குழந்தை கூறும் காட்சி நம் இல்லங்களுக்குப் புதியதன்று. சிறு பொய் என்று இதனைத் தள்ளிவிடுகிறோம். ஆகமமோ செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றினாலும் வினை வந்து சேரும் என்கிறது. சொன்ன நாவு குழந்தையுடையது. சொல்வித்த வினை தந்தையுடையது. மனம் இசைந்து நின்ற தாய்க்கும் அதில் பங்குண்டு.

கடன்படுதல் பாவமன்று. (திருமணப் பந்தலின் பகட்டுக்கு வாங்கும் கடன் வேறு பேச்சு.) ஆள் வருமுன் கொடுத்தவரிடம் நாமே செல்வோம். நெல் விற்று வருவது இவ்வளவு, வீட்டுச் செலவு இவ்வளவு, திங்கள்தோறும் தரக்கூடியது இவ்வளவு என்று மறையாது உரைப்போம். தவணையை நீட்டவும் வட்டியைக் குறைக்கவும் கேட்பது இழிவன்று. இயலாத தொகைக்கு அஞ்சித் தலையசைப்பதே இன்னொரு பொய். இசைந்ததை எழுத்தில் பெறுவோம். செலுத்தியதற்கு ரசீது பெறுவோம். பொய்யோலை எழுதுதலை உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வாய்மை விரதத்தின் குற்றங்களுள் வைத்தார். வெற்றுத்தாளில் கையொப்பமிடுவது அக்குற்றத்திற்குப் பிறர்க்கு இடங்கொடுப்பதாகும்.

வந்தவர் வைதால்? வங்கிகளின் வசூல் முகவர்கள் மிரட்டலாகாது, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கலாகாது என ரிசர்வ் வங்கி 2022இல் அறிவுறுத்தியது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அவற்றின் துணையை நாடுவது அகிம்சைக்கு மாறன்று. அம்முகவர்மேல் நெஞ்சில் பகை வளர்ப்பதே மாறு.

நம்முள் வட்டிக்குக் கொடுப்போரும் உளர். அவர் அனுப்பிய ஆள் ஏழையின் வாயிலில் தெருவே கேட்க ஏசும்பொழுது, செய்வித்தல் யாருடையது?