ஓடுகிற மனசுக்கு ஒரு பிரேக்



பகவத்கீதையின் ஆறாவது அத்தியாயத்தில் கண்ணன் தியானத்தைப் பற்றி விளக்கிக்கொண்டு வருகிறான். அர்ஜுனன் நடுவில் மறிக்கிறான். இந்த மனசை அடக்குவது காற்றைப் பிடித்து வைப்பது மாதிரி இருக்கே என்கிறான். கண்ணன் என்ன சொன்னான்? சோம்பேறி என்று திட்டவில்லை. உனக்கு பக்தி பத்தாது என்றும் சொல்லவில்லை. ஆமாம், மனசு அலையத்தான் செய்யும், அதைப் பிடிப்பது கஷ்டம்தான் என்று முதலில் ஒத்துக்கொள்கிறான். அப்புறம்தான் அப்பியாசம், வைராக்கியம் என்று இரண்டு வழி காட்டுகிறான்.

நம்ம கெடா தோட்டங்களிலும் தாமான்களிலும் இந்த வரிசை தலைகீழாக நடக்குது. பிள்ளை ஒரு இடத்தில் உட்காரலைன்னா "வால்". புத்தகத்தை மறந்துட்டு வந்தா "சோம்பேறி". சட்டென்று கோபப்பட்டுக் கத்தி அழுதா "யார் கண்ணு பட்டுச்சோ". ஒரு வீட்டில் மந்திரிச்சுக் கயிறு கட்டுவாங்க, இன்னொரு வீட்டில் ரோத்தான் எடுப்பாங்க. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ஏ.டி.எச்.டி. இருக்கலாம். எனக்கு இருக்கு. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. அதனால்தான் இந்த மாதம் இதைப் பேசுகிறேன்.

1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரையாற்றினார். அவரே அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றுதான் சொன்னார். மருத்துவம் அதைத் தாண்டி வந்துவிட்டது. இது மூளை வளர்ச்சியில் உள்ள வித்தியாசம், பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்று இன்று தெரியும். வளர்ப்பும் காரணமல்ல, சாமி குத்தமும் காரணமல்ல.

2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதை மூன்று வகையாகப் பார்க்கிறது. முதல் வகை, கவனம் நழுவுவது. இந்தப் பிள்ளை ஓடாது, சத்தம் போடாது. வகுப்பில் அமைதியாக உட்கார்ந்திருக்கும், மனசு மட்டும் வேறு எங்கோ இருக்கும். பொருளைத் தொலைக்கும், ஆரம்பித்ததை முடிக்காது. பெண் பிள்ளைகளிடம் இது அதிகம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. இரண்டாவது, துறுதுறுப்பும் அவசரமும். உட்கார முடியாது, வரிசையில் நிற்க முடியாது, கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். மூன்றாவது, இரண்டும் கலந்தது. வயசு ஏற ஏற வகையும் மாறலாம். சின்ன வயசில் காலில் இருந்த ஓட்டம் பெரியவனானதும் மனசுக்குள் ஓடும்.

ஒரு நாள் மறந்துட்டா அது ஏ.டி.எச்.டி. ஆகிடாது. 12 வயசுக்கு முன்பே அறிகுறிகள் இருக்கணும், ஆறு மாதமாவது தொடரணும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரியணும். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். டிக்டாக் பார்த்து நாமே முடிவு பண்ணக் கூடாது.

இதில் அதிகம் பேசப்படாதது கோபமும் அழுகையும். அந்தக் கையேட்டின் முக்கிய 18 அறிகுறிகளில் இது இல்லை. ஆனால் எரிச்சல், சின்னத் தடையைக்கூடத் தாங்க முடியாமை ஆகியவை கூடவே வரும் என்று அதுவும் குறிப்பிடுகிறது. மற்றவனுக்கு ஒரு கிண்டல் உரசிட்டுப் போகும். எங்களுக்கு உள்ளே இறங்கிடும். பத்து நிமிஷத்தில் கோபம் தணிந்துவிடும், ஆனால் சொன்ன வார்த்தை தணியாது. கோபம் துணையாக இருக்கிற சுற்றத்தையும் சேர்த்து எரிக்கும் என்று வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தில் எச்சரிப்பது இதைத்தான்.

எங்கள் பாடத்தில் கண்ட்ரோல் சிஸ்டம் என்று ஒன்று உண்டு. சென்சார் சொல்லும் செய்தி தாமதமாக வந்தால் நல்ல மோட்டார்கூட ஆட்டம் போடும். மோட்டாரை அடித்து என்ன பயன்? தாமதத்தை அல்லவா சரி செய்யணும்?

கீதையின் ஐந்தாவது அத்தியாயம் 23-ஆம் சுலோகத்தில் ஒரு சொல் வருகிறது: வேகம். ஆசையிலும் கோபத்திலும் எழும் அந்த வேகத்தைத் தாங்கத் தெரிந்தவனை யோகி என்கிறான் கண்ணன். அந்த வேகம் வரவே கூடாது என்று அங்கே சொல்லவில்லை. வரும்போது தாங்கணும் என்றுதான் சொல்கிறான். இதைப் படித்த நாளில் எனக்குப் பெரிய ஆறுதல்.

தாங்குவது எப்படி? அப்பியாசம் என்றால் சின்னதாக, தினமும். 108 முறை ஜபம் முடியலையா, 11 முறை சொல்லுங்க. மனசு நழுவினால் திரும்பக் கொண்டு வாங்க. அந்தத் திரும்புதல்தான் பயிற்சி, நழுவியது தோல்வி இல்லை. வைராக்கியம் என்றால் தள்ளி நிற்பது. படிக்கும்போது கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். கோபத்தில் தட்டிய வாட்சாப் செய்தியை மறுநாள் காலையில் படித்துவிட்டு அனுப்புங்க.

மருந்து சாப்பிட்டால் பக்தி குறைந்துபோகுமா? கண்ணாடி போட்டுக்கொண்டு தேவாரம் படிக்கிறவரை அப்படிக் கேட்கிறோமா? பக்கத்து அரசு கிளினிக்கில் பேசி பரிந்துரைக் கடிதம் வாங்கினால், சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கோ அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ போகலாம். கோயிலுக்கும் போங்க, கிளினிக்குக்கும் போங்க.

சமய வகுப்பு நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மணி நேரம் உட்கார முடியாத பிள்ளையை வெளியே அனுப்பாதீங்க. வகுப்பைப் பதினைந்து நிமிஷமாகப் பிரிங்க. மணி அடிக்க, பூ எடுத்து வர, விளக்குக்கு எண்ணெய் ஊற்ற அவனைக் கூப்பிடுங்க. மூலையில் சத்தமில்லாமல் கனவு காணும் தங்கச்சியையும் கவனிங்க. கத்தி அழுகிற பிள்ளை அடங்கும்வரை பக்கத்தில் உட்காருங்க, பிறகு பேசலாம்.

அர்ஜுனனின் மனசு ஓடியது என்பதற்காகக் கண்ணன் தேரை விட்டு இறங்கிப் போகவில்லை. நாமும் நம்ம பிள்ளைகளை விட்டுப் போகாமல் இருப்போம்.

திருச்சிற்றம்பலம்.