பிராரப்தமும் பிரயத்தனமும்

கோடை விடுமுறைக்காக விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்த என் தங்கையின் மகன், பொறியியல் படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்தவன், கத்திரி வெயிலின் உஷ்ணம் சுவர்களை விட்டு இறங்காத ஒரு மாலையில், தன் கேமிங் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டு, "இதோட தலையெழுத்தே இவ்வளவுதான் மாமா" என்றான். கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆயினும் அது என் மனத்தில் தைத்து நின்றது. விளையாட்டுச் சாதனம் ஒன்றை முன்னிட்டு இருபது வயதுப் பிள்ளை உதிர்த்த அந்தச் சொல்லுக்குள், இந்த மாவட்டத்து மண்ணிலேயே எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்து பேரறிஞர்கள் விசாரித்து வந்த வினா ஒன்று இருக்கிறதென்று எனக்குத் தோன்றிற்று. இன்னதுதான் வாய்த்தது என்று ஆகிவிட்ட பிறகு, மனிதப் பிரயத்தனத்திற்கு மிஞ்சுவது என்ன?

நடந்தது இது. ஓராண்டுக்கு முன், ஆர்டிஎக்ஸ் 4060 என்னும் கிராஃபிக்ஸ் கார்டு உள்ளது என்ற ஒரே காரணத்தால், அவன் தந்தை தம் சேமிப்பை எடுத்து அந்த இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தார். அதே பெயருடைய, அதே 8 ஜிபி நினைவகம் கொண்ட கார்டு அவனுடைய வகுப்புத் தோழனிடமும் இருந்தது. ஆனால் ஒரே விளையாட்டை இருவரும் ஒரே அமைப்பில் ஆடுகையில், தோழனுடைய திரையில் காட்சி தெளிந்த நீர்போல் ஓட, இவனுடையதில் இடறி இடறி ஓடிற்று. காரணம் பெயரில் இல்லை, வாட்டில் இருந்தது. மடிக்கணினிக்கான 4060-க்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவையும் மின்சக்தி வரம்பாக வைத்துக்கொள்ள என்விடியா நிறுவனம் தயாரிப்பாளர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. உடல் மெலிந்த கணினிகளில் வெப்பம் வெளியேற வழி குறைவாதலால் அந்த வரம்பும் தாழ்த்தி வைக்கப்படுகிறது. தோழனுடையது 115 வாட், இவனுடையது 80. விற்றவர் இதைச் சொல்லவில்லை; வாங்கியவர் கேட்கவுமில்லை. விசைப்பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் பெயரையே இருவரும் பொருளாகக் கொண்டார்கள்.

மேசைக் கணினியாயின் கார்டைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகலாம். இத்தகைய மடிக்கணினியிலோ அந்தச் சில்லும் அதன் நினைவகமும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. பணம் கொடுத்த நொடியில் தேர்வு முடிந்துவிடுகிறது. அதன்பின் 8 ஜிபி என்பது 12 ஜிபி ஆகாது. என் மருமகன் தலையெழுத்து என்று சொன்னது இதைத்தான்.

தென்பெண்ணையின் தென்கரையில், விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்ட தேவர், பதின்மூன்றாம் நூற்றாண்டில், பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞான போதத்தை அருளினார். அவர் வழிவந்த சித்தாந்த மரபு வினையை மூன்றாகப் பகுத்துப் பேசுகிறது: குவிந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இந்தப் பிறவிக்கென்று எடுத்து உடலோடு கூட்டப்பட்டது பிராரப்தம், அதை அனுபவிக்கும்போதே நாம் புதிதாக ஈட்டிக்கொள்வது ஆகாமியம். பற்றவைக்கப்பட்ட சில்லைப் பிராரப்தம் என்று சொல்லிவிட ஆசை எழுகிறது. ஆனால் ஜடப்பொருளுக்கு வினை கிடையாது. வினை உயிருக்கே உரியது. உடல், கருவி, உலகம், நுகர்பொருள் ஆகிய நான்கையும் உயிர் தன் வினைக்கேற்ப மாயையிலிருந்து பெறுகிறது என்பதே சித்தாந்தம். அந்த மாயையும் வெறும் பொய்த்தோற்றமன்று, விடியும்வரை உதவும் விளக்கைப் போன்ற உள்பொருள். ஆகவே கணினி அவனுக்கு வாய்த்த கருவி. அதனிடம் அவன் எவ்விதம் நடந்துகொள்கிறான் என்பதே அவனுடைய வினை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால், ஊழைப் பற்றிய பேச்சு முழுவதும் சோம்பலுக்குச் சாக்காக முடியும்.

அதே திருவெண்ணெய்நல்லூரில்தான் சுந்தரமூர்த்தி நாயனாரின் வழக்கும் நடந்தது. திருமணப் பந்தலுக்குள் வந்து நின்ற முதிய அந்தணர், "உன் பாட்டன் எழுதிக் கொடுத்தபடி நீ எனக்கு அடிமை" என்று ஓலை நீட்ட, மணமகன் அதைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிபட்டதோ படியோலை, மூல ஓலை முதியவரிடம் பத்திரமாக இருந்தது. சபையார் அதை வாசித்துத் தீர்ப்புச் சொன்ன பிறகு அந்த இளைஞர் மறுபடியும் ஓலையைக் கிழிக்க முனையவில்லை. அடிமை என்ற நிலைக்குள்ளேயே நின்று பாடத் தொடங்கினார். இந்தச் சரிதத்தை நான் சிறு வயதிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். கிழித்தலுக்கும் பாடுதலுக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு பெரிதென்பதை அந்தக் கோடையில்தான் நிதானமாக எண்ணிப் பார்த்தேன்.

ஏனெனில் என் மருமகனும் முதலில் ஓலையைக் கிழிக்கத்தான் பார்த்தான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்னும் மென்பொருளைத் திறந்து, சில்லின் வேகத்தையும் நினைவகத்தின் வேகத்தையும் தாராளமாகக் கூட்டினான். காற்றாடிகள் அலறின, வெப்பமானி 87 டிகிரியைத் தொட்டது, தன்னைக் காத்துக்கொள்ள கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்து, முன்பிருந்த நிலைக்கும் கீழே இறங்கிற்று. ஒருமுறை திரை கறுத்து, ஆட்டம் பாதியில் அறுந்தது. அப்போதுதான் தலையெழுத்து என்ற சொல் பிறந்தது.

மறுநாள் அவன் ஆத்திரம் தணிந்து எனக்கு ஒரு கணக்கை விளக்கினான். அதைக் கேட்டு நான் வியந்தேன். சில்லு இயங்கும்போது செலவிடும் மின்சக்தி அதன் வேகத்தோடு நேர் விகிதத்தில் கூடுகிறது. வோல்ட்டோடு அப்படியன்று, வோல்ட்டின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஆதலால், வேகத்தை மாற்றாமல் வோல்ட்டை மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அந்தச் செலவு 100-லிருந்து 81-க்கு இறங்கிவிடும். தொழிற்சாலையில் ஒவ்வொரு சில்லும் தவறாமல் ஓட வேண்டுமென்பதற்காக, மிக மெலிந்த சில்லுக்கும் போதுமான வோல்ட்டை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்து அனுப்புகிறார்கள். தன் கையிலுள்ள சில்லுக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதை அதை உடையவன்தான் பொறுமையாகச் சோதித்து அறிய வேண்டும். இதற்கு அண்டர்வோல்டிங் என்று பெயர்.

ஏழு இரவுகள் அவன் அதைச் செய்தான். ஒவ்வொரு இரவும் ஒரு படி குறைப்பான். அரைமணி நேரம் கனமான காட்சிகளை ஓடவிடுவான். பிசகாமல் நின்றால் நோட்டுப் புத்தகத்தில் எண்ணைக் குறித்துக்கொள்வான். 0.9 வோல்ட்டில் கிடைத்த வேகம் 0.86-லும் கிடைத்தது, 0.84-லும் கிடைத்தது, 0.80-ல் ஆட்டம் அறுந்தது; ஒரு படி மேலேறி 0.82-ல் நிலைத்தது. கணினியின் பின்புறத்தை இரண்டு புளியங்கட்டைத் துண்டுகளின்மேல் உயர்த்தி வைத்து அடியில் காற்றோட வழி செய்தான். காற்றாடியின் இடுக்குகளில் அடைந்திருந்த தூசியை வண்ணம் தீட்டும் தூரிகையால் துடைத்தெடுத்தான். வெப்பம் 78 டிகிரியில் நின்றது. மிச்சப்பட்ட மின்சக்தி வேகமாக மாறியதால், அதே 80 வாட் வரம்புக்குள்ளேயே காட்சி முன்னைவிடச் சீராக ஓடிற்று. தோழனுடைய 115 வாட்டுக்கு அது சமமாகிவிடவில்லை, ஆகவும் ஆகாது. ஆனால் இடறல் நின்றது.

திருக்குறளில் ஊழ் என்னும் 38ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறள், ஊழை விலக்க வேறொரு வழி வகுத்தாலும் ஊழே முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறது. ஆள்வினையுடைமை என்னும் 62ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளோ, மனம் தளராமல் உழைப்பவர் ஊழையும் புறங்காட்டி ஓடச் செய்வர் என்கிறது. இவை ஒன்றோடொன்று முரண்படுவதாகச் சொல்வோர் உண்டு. எனக்கும் நெடுங்காலம் அந்தச் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. முதற்குறள் பேசுவது ஊழைச் சுற்றிக்கொண்டு போகக் குறுக்குவழி வகுப்பவனைப் பற்றி. பிற்குறள் பேசுவது அதற்கு எதிரே நின்று நாள்தோறும் வேலை செய்பவனைப் பற்றி. வேகத்தைக் கண்மூடிக் கூட்டிய முதல் நாளின் பிள்ளையும், நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்த ஏழு இரவுகளின் பிள்ளையும் ஒருவனே, கார்டும் ஒன்றே. மாறியது, தனக்கு வாய்த்ததை அறிந்துகொள்ள அவன் காட்டிய சிரத்தை. அந்தச் சிரத்தையை நம் பெரியோர் ஆகாமியத்தின் நல்ல பக்கத்தில்தான் எழுதியிருப்பார்கள் என்பது என் துணிபு.

பிள்ளைகளுக்கு இத்தகைய கணினி வாங்கப் போகும் பெற்றோர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்டிக்கரில் உள்ள பெயரோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். கார்டின் நினைவகம் எத்தனை ஜிபி, மின்சக்தி வரம்பு எத்தனை வாட் என்ற இரண்டையும் கடையில் கேட்டு, பில்லின்மேல் எழுதி வாங்குங்கள். அது பற்றவைக்கப்பட்டது, வாங்கிய பிறகு மாற்ற முடியாது.